எண்ணப்படாத தூண்டில்கள்

இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவரிடம் சுற்றுச்சூழல் முகமை வழங்கிய உரிமம் இருந்தாக வேண்டும். 13 வயது தொடங்கியதும் இந்தக் கட்டாயம் வந்துவிடுகிறது. 16 வயதுவரை கட்டணம் கிடையாது. ஆனாலும் பெயரைப் பதிந்து உரிமம் வாங்கத்தான் வேண்டும். அதே ஆள் மறுநாள் கடற்கரைக்குப் போய் ஈயக்குண்டைக் கட்டி அலைக்குள் வீசினால், சால்மன் போன்ற சில மீன்களைத் தவிர்த்து மற்ற எதைப் பிடிக்கவும் உரிமம் தேவையில்லை. நியூசிலாந்திலும் இதே நிலைதான்: ஆற்றிலும் ஏரியிலும் டிரவுட் பிடிக்க ஆண்டுக்கோ நாளுக்கோ பணம் கட்டவேண்டும், கடலுக்கு எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் மீன்குஞ்சு விடப்பட்ட அணைகளுக்கு மட்டும் அனுமதிச்சீட்டு கேட்கிறது. அடுத்திருக்கும் நியூ சவுத் வேல்ஸோ 2001 முதல் கடலுக்கும் ஆற்றுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குகிறது. பொழுதுபோக்காக மீன்பிடிக்கும் உரிமத்தைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் கட்டணத்தைச் சுற்றியே நடக்கிறது: எவ்வளவு, யாருக்கு விலக்கு, பணம் எங்கே போகிறது. அந்தக் கேள்விகள் முக்கியமானவைதான். ஆனால் உரிமத்தின் முதன்மையான பயன் வேறு என்பது என் வாதம். எத்தனை பேர் தூண்டில் போடுகிறார்கள் என்று அரசுக்குத் தெரிவிக்கும் பதிவேடு அது. எண்ணிக்கை மிகவும் தேவைப்படும் கடலில்தான் நாம் அந்தப் பதிவேட்டை வைக்காமல் விட்டிருக்கிறோம். இந்தக் குறைக்கு மீனின் இயல்பில் எந்தக் காரணமும் இல்லை; நீர் யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கிலிருந்து வந்தது அது.

ஆற்றங்கரைக்கும் குளத்துக்கும் உடைமையாளர் இருந்தார்; நிலக்கிழாரோ அரசரோ, அவருடைய அனுமதி வேண்டும். அலையேறும் நீர் பொதுமக்களுடையது என்ற கருத்து ஆங்கிலேயச் சட்டத்தில் வேரூன்றி, குடியேறியவர்களோடு கடல் தாண்டியது. 1842இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்ட்டின் எதிர் வாடெல் வழக்கில் இதைத்தான் உறுதிசெய்தது. நியூ ஜெர்சியின் ராரிடன் விரிகுடாச் சேற்றுப்படுகையில் சிப்பி எடுக்கும் உரிமை, பழைய அரச மானியம் ஒன்றைக் காட்டியவருக்குத் தனியுடைமையாகாது, அது மாநில மக்களின் பொதுச்சொத்து என்றது தீர்ப்பு. ஏழைக்கும் கடல் திறந்திருக்க வழிசெய்த நல்ல மரபு இது. ஆனால் அதோடு ஒரு பிழையும் ஒட்டிக்கொண்டது. கடல் எல்லாருடையது என்பதிலிருந்து, கடலில் எடுத்ததற்கு எவரும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்ற முடிவுக்கு நழுவிவிட்டார்கள். நன்னீரில் அந்த நழுவலுக்கு இடமில்லை. ஏரி சிறியது, எடுத்தால் குறைவது கண்ணுக்குத் தெரியும். குஞ்சு விட்டு வளர்த்தால் அந்தச் செலவை யாராவது தரவேண்டும். நீலகிரியிலும் உரிமம் இந்த வழியாகத்தான் வந்தது. வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்த 1879இல் சென்னை மாகாணம் அந்த மலைக்கென்றே சட்டம் இயற்றியது. 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது. வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த மீனுக்குக் காவலும் சீட்டும் தேவைப்பட்டன. கடற்கரைக்கு வந்த 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமோ மீன்பிடிப் படகுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

உரிமக் கட்டணத்தை மிக விரிவான அமைப்பாக வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா. அங்கே உரிமம் வழங்குவது மாநிலங்கள். விலை, வயது வரம்பு, நன்னீருக்கும் கடலுக்கும் தனித்தனியா ஒன்றாகவா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் அம்மாநிலத்தவருக்கு நன்னீர் உரிமம் ஆண்டுக்கு 17 டாலர், கடல் உரிமம் இன்னொரு 17 டாலர். இந்தப் பணம் வீண்போகாமல் காப்பது 1950இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம். தூண்டில், ரீல், செயற்கை இரை ஆகியவற்றின் மீது மத்திய அரசு தயாரிப்பு நிலையிலேயே வரி வசூலித்து, மீன்வளத் திட்டங்களுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. 1984இல் மோட்டார் படகுகளின் எரிபொருள் வரியும் இதில் சேர்ந்தது. பங்கீட்டில் 60 விழுக்காடு பணம் கட்டி உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் 40 விழுக்காடு பரப்பளவையும் பொறுத்தது. இந்த உதவியைப் பெற ஒரு நிபந்தனை உண்டு: உரிமக் கட்டணமாக வந்த ஒரு டாலரைக்கூட மீன்வளத் துறையின் பணிக்கு வெளியே மாநிலம் செலவிடக் கூடாது. சாலைக்கென்று வாங்கிய வரி சம்பளத்துக்குப் போவதையும், கல்விக்கென்று வாங்கியது கடன் வட்டிக்குப் போவதையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் மதிப்பு புரியும். உரிமக் கட்டணம் மறைமுக வரிதானே என்ற முதல் எதிர்ப்புக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. இப்படி வேலி இல்லாத இடத்தில் அந்த எதிர்ப்பு நியாயமானது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெளி மாநிலத்தவரிடம் கூடுதலாக வாங்கலாமா என்ற சண்டை நீதிமன்றம்வரை போனதில் ஒரு முக்கியமான வேறுபாடு துலங்கியது. தென் கரோலினா இறால் படகுகளுக்கு உள்ளூரார் என்றால் 25 டாலர், வெளியார் என்றால் 2,500 டாலர் என்று வைத்திருந்ததை 1948இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பிழைப்புக்கு வருகிறவனை அப்படித் தடுக்க முடியாது. ஆனால் 1978இல், மான்டானா மாநிலம் எல்க் மான் வேட்டைக்கு வெளியாரிடம் பல மடங்கு வாங்கியதை அதே நீதிமன்றம் அனுமதித்தது. அது பொழுதுபோக்கு, வாழ்வாதாரமன்று என்பதே காரணம். பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் சட்டம் வைத்திருக்கும் எடை இது. பிழைப்புக்கான உரிமைக்கு உள்ள பாதுகாப்பு பொழுதுபோக்குக்கு இல்லை. ஆகவே அதற்குக் கட்டணமும் நிபந்தனையும் விதிக்கலாம். கரையில் நின்று தூண்டில் போடுகிறவரில் யார் பொழுதுபோக்குகிறார், யார் அன்றைய குழம்புக்குப் பிடிக்கிறார் என்பதைச் சட்டம் எப்படிப் பிரிக்கும் என்ற சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது.

பணத்தையே உரிமத்தின் முழு நியாயமாக வைப்பதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. யார் பணம் தருகிறார்களோ அவர்களுடைய மீனைத்தான் துறை வளர்க்கும். 1962 செப்டம்பரில் நடந்தது இதற்குக் கசப்பான சான்று. ஃபிளேமிங் கார்ஜ் அணை நிரம்புவதற்கு முன், வயோமிங், யூட்டா மாநிலத் துறைகள் கிரீன் ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் 700 கிலோமீட்டருக்கும் மேலாக ரோட்டெனோன் என்ற மீன்நஞ்சைக் கலந்தன. தூண்டில்காரர்கள் விரும்பும் ரெயின்போ டிரவுட்டை விடுவதற்காக, ஆற்றில் ஏற்கெனவே இருந்த மீன்களைத் துடைத்தெடுப்பது நோக்கம். நஞ்சு திட்டமிட்ட எல்லையில் நிற்காமல் டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள்ளும் பாய்ந்தது. அன்றைக்குக் கழிவு மீன் என்று எழுதித் தள்ளப்பட்டவற்றுள் கொலராடோ பைக்மின்னோ, போனிடெயில் போன்றவை பின்னாளில் அழியும் இனங்களின் பட்டியலில் ஏறின. அவற்றை மீட்க இன்றுவரை அரசு செலவழித்துக்கொண்டிருக்கிறது. அந்த அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. தங்களுக்குப் படியளப்பவர்கள் யாரென்று அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள், தவறு அங்கேதான். உரிமம் வாங்காத மீன்கொத்திக்கும் நீர்நாய்க்கும் ஆற்றின் சொந்த மீனுக்கும் அந்தக் கணக்கில் பங்கில்லை. எனவே உரிமத்தின் அடிப்படையைப் பணத்திலிருந்து நகர்த்திவைப்பது தூண்டில்காரர்களுக்கும் ஆற்றுக்கும் நல்லது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? ஒற்றைத் தூண்டிலால் கடல் வற்றிவிடுமா என்று கேட்பவர்கள் ஏராளம். பெரிய இழுவைப் படகு ஒரே வலையில் அள்ளுவதை நூறு பேர் ஆண்டு முழுக்கத் தூண்டில் போட்டாலும் எடுக்க முடியாதே என்ற கேள்வி நேர்மையானது. 2004இல் சயன்ஸ் இதழில் ஆய்வாளர் கோல்மனும் அவரது சகாக்களும் வெளியிட்ட கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. 2002இல் அமெரிக்கக் கடல்களில் கரைக்கு வந்த மொத்த மீனில் பொழுதுபோக்குத் தூண்டிலின் பங்கு 4 விழுக்காடுதான். ஆனால் அருகிவருவதாகக் கவலைப்பட்ட இனங்களை மட்டும் எடுத்தால் அது 23 விழுக்காடு. மெக்சிகோ வளைகுடாவில் 64 விழுக்காடு. மொத்த எடையைக் கூட்டிக் குவிப்பது மத்தியைப்போலப் பெருமளவில் அள்ளப்படும் மீன்கள். தூண்டில்காரர் தேடிப்போவதோ மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும் பெரிய மீன்களை. அந்த வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் மீனைப் பிடிக்கும் ஒதுக்கீட்டில் 51 விழுக்காடு தொழில்முறை மீனவருக்கு, 49 விழுக்காடு பொழுதுபோக்குக்கு. தொழில்முறைப் படகு ஒவ்வொன்றின் பங்கும் எடையும் தெரியும். மறுபக்கத்தில் எத்தனை தனியார் படகுகள் கடலுக்குப் போகின்றன என்பதே தெளிவாகத் தெரியாது. தெரியாத இடத்தில் அதிகாரிக்குக் கையில் இருக்கும் ஒரே கருவி நாட்களைக் குறைப்பது. 2017இல் மத்திய அரசின் நீர்ப்பரப்பில் தனியார் படகுகளுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பருவம் மூன்றே நாள். எழுந்த கொந்தளிப்பில் வணிகத் துறை அதை மேலும் 39 நாள் நீட்டித்தது. மூன்று நாளும் சரியில்லை, நீட்டித்ததும் சரியில்லை; இரண்டுமே நம்பத்தகுந்த எண் இல்லாமல் எடுத்த முடிவுகள்.

அந்த எண்ணை எப்படித் திரட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பார்த்தால் கோளாறு விளங்கும். கடலோர மாவட்டங்களில் உள்ள வீடுகளுக்குக் குருட்டாம்போக்கில் தொலைபேசி செய்து, கடந்த இரண்டு மாதத்தில் யாராவது மீன்பிடிக்கப் போனீர்களா என்று கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இல்லை என்றே பதில் வரும். உள்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து பிடித்துப் போகிறவர் இந்த வலையில் நேரடியாக விழவே மாட்டார். வீட்டுத் தொலைபேசி மறைந்து கைபேசி வந்தபிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. 2006இல் தேசிய ஆராய்ச்சி மன்றம் இந்தக் கணக்கெடுப்பின் குறைகளை வெளிப்படையாக எழுதி, கடலில் தூண்டில் போடுவோர் அனைவரின் பட்டியலும் வேண்டுமென்றது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மீன்வளச் சட்டத் திருத்தத்தின்படி 2010 முதல் தேசிய அளவிலான பதிவேடு வந்தது. தானே பட்டியல் எடுத்துத் தரும் மாநிலத்தாருக்கு அதில் விலக்கு. உரிமம் வாங்குவோரின் பட்டியல் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதை லூசியானா காட்டியது. 2014 முதல் அம்மாநிலம் உரிமதாரர்களையே வாரந்தோறும் அழைத்துக் கேட்கிறது, படகுத்துறையில் ஆட்களை நிறுத்தி மீனை எண்ணுகிறது. பருவம் முடிந்து பல மாதம் கழித்து மிகைப்பிடிப்பு தெரியவந்த இடத்தில், வாரக் கணக்கைப் பார்த்துக்கொண்டே பருவத்தை மூடும் வசதி கிடைத்தது.

பட்டியல் இருந்தும் தவறு நேர்கிறதே என்று இங்கே குறுக்கிடலாம், இடமும் உண்டு. மத்திய அரசு 2018இல் தொலைபேசியை விட்டு அஞ்சல் வழிக் கணக்கெடுப்புக்கு மாறியபோது எண்கள் ஒரேயடியாக உயர்ந்தன. 2023இல் வெளியான முன்னோட்ட ஆய்வோ, வினாத்தாளில் கேள்விகளின் வரிசையை மாற்றினாலே மீன்பிடிப் பயணங்களின் மதிப்பீடு 30 முதல் 40 விழுக்காடு இறங்குவதாகச் சொன்னது. ஆனால் அந்தப் பிழை மனித நினைவிலும் வினாத்தாளிலும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய பயணத்தை யாரும் சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை. யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் அடிக்கடி கேட்கலாம், சுருக்கமாகக் கேட்கலாம். பட்டியல் இல்லாதவருக்கு அந்த வழியே அடைபட்டிருக்கும்.

இனி உரிமை பற்றிய எதிர்ப்பு, எல்லாவற்றிலும் கனமானது. 2009இல் நியூ யார்க் மாநிலம் கடல் உரிமத்துக்கு 10 டாலர் விதித்தபோது லாங் ஐலண்டின் பழைய ஊர்கள் வழக்குத் தொடுத்தன. பதினேழாம் நூற்றாண்டின் காலனி ஆட்சிப் பட்டயங்கள் எங்கள் நீரை எங்களுக்கே கொடுத்தன, மாநிலம் அதில் சீட்டுக் கேட்க முடியாது என்பது அவற்றின் வாதம். 2011இல் சட்டமன்றம் கட்டணத்தைக் கைவிட்டு இலவசப் பதிவாக மாற்றியது. பலர் இதை மாநிலத்தின் தோல்வியாக எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை: ஊராருக்கு உறுத்தியது கட்டணம், மாநிலத்துக்குத் தேவைப்பட்டது பெயர், இரண்டையும் பிரித்ததும் சண்டை அடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த இன்னொரு வழக்கு இதைவிட ஆழமானது. யாகமா பழங்குடியைச் சேர்ந்த சாம்ப்ஸன் டூலீ, உரிமம் வாங்காமல் வலையில் சால்மன் பிடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அது பொழுதுபோக்கன்று, 1855 உடன்படிக்கையில் அவருடைய மக்கள் நிலத்தைக் கொடுத்து, மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டிருந்தார்கள். மீன்வளத்தைக் காக்கத் தேவையான கட்டுப்பாட்டை மாநிலம் விதிக்கலாம், ஆனால் அவரிடம் உரிமக் கட்டணம் கேட்கலாகாது என்று 1942இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காப்பதற்கான விதி வேறு, கட்டணம் வேறு என்று இத்தனை தெளிவாகப் பிரித்த தீர்ப்பு இந்தத் துறையில் அரிது.

ஏழைகளைப் பற்றிய எதிர்ப்புக்கும் இதே பிரிவினையில் விடை கிடைக்கிறது. ஃபுளோரிடாவில் ரீல் இல்லாத மூங்கில் தூண்டிலில் இயற்கை இரை கோத்து, தான் வசிக்கும் மாவட்டத்தின் நன்னீரில் பிடிக்கிறவருக்கு உரிமமே வேண்டாம். மண்புழுவும் தக்கையுமாக உட்கார்ந்திருக்கும் ஏழைக்காக வைத்த அழகான விலக்கு. ஆனால் அதே மாநிலம் கடற்கரையில் நின்று பிடிக்கும் உள்ளூராருக்கு வேறுவிதமாகச் செய்கிறது: உரிமம் வேண்டும், விலை எதுவும் இல்லை. இரண்டில் இரண்டாவதே மேல் என்பேன். முதலாவதில் அந்த மனிதர் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார். மீன் குறைந்தாலும் நீர் கெட்டாலும் இந்த ஏரியை நம்பி இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல எந்த ஏடும் இருக்காது. முதியோர், சிறார், படைவீரர், கலிஃபோர்னியாவில் பொதுத் தூண்டில் துறைகளில் நிற்போர் என்று விலக்குகள் பெருகப் பெருகப் பட்டியல் ஓட்டையாகிறது. ஒன்டாரியோவில் 18 வயதுக்குக் கீழோ 65 வயதை எட்டியோ உள்ள கனேடியர் கையிலிருக்கும் அடையாளச் சான்றையே உரிமமாகக் காட்டலாம். அவர்கள் எத்தனை பேர் என்பது எந்த விற்பனைக் கணக்கிலும் வராது. இங்கிலாந்து 13 வயதுப் பிள்ளைக்கும் பணமின்றி உரிமம் எழுதித் தருவது இந்த விதத்தில் அறிவார்ந்த ஏற்பாடு. கட்டணத்திலிருந்து விலக்கு தாராளமாகத் தரலாம். பதிவிலிருந்து விலக்கு தரக் கூடாது. அமெரிக்கப் பங்கீட்டு முறையில் பணம் கட்டியவர்தான் கணக்கில் சேர்வார் என்பதால் இலவசம் ஒரு மாநிலத்துக்கு நட்டந்தானே என்றால், மாற்றவேண்டியது அந்தச் சூத்திரத்தை.

பதிவேடு என்றதும் அது வேறு கைகளுக்குப் போகும் என்ற அச்சம் எழும். அது வெற்று அச்சமில்லை. 1996இல் அமெரிக்காவில் வந்த நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையைக் கட்டாத பெற்றோரின் பொழுதுபோக்கு உரிமங்களையும் நிறுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு இருக்க வேண்டும் என்றது. 1997இல் வந்த திருத்தம் அந்த உரிம விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்கச் சொன்னது. பிள்ளைக்குச் சோறு போடாதவரைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மீனை எண்ணத் திறந்த ஏட்டை ஆளைப் பிடிக்கும் ஏடாக மாற்றினால், ஒளிய விரும்புகிறவர் மட்டுமின்றி அதிகாரிகளைக் கண்டு அஞ்சுகிற ஏழையும் புலம்பெயர்ந்தவரும் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். தயங்கியவர் உரிமமின்றி மீன்பிடிப்பார், எண்ணிக்கை பொய்யாகும். பணத்துக்கு 1950இல் வேலி போட்டதுபோலப் பெயருக்கும் ஒரு வேலி சட்டத்திலேயே வேண்டும்.

உரிமத்தின் மீது மற்ற சுமைகளை ஏற்றுவதில் நிதானம் தேவை. ஜெர்மனியில் பொதுவாகத் தேர்வு எழுதித் தேறினால்தான் மீன்பிடி அட்டை. பல மாநிலங்களில் அதற்கு முன் வகுப்பும் உண்டு. பிறகு அந்தந்த நீர்நிலைக்குத் தனி அனுமதி. தக்க காரணமின்றி உயிருக்கு வலி தரக் கூடாது என்ற விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதன் பின்னணி. மீனை நோகாமல் கையாளக் கற்றுத் தருவது நல்லதுதான், ஆனால் ஒரு பிற்பகல் குளக்கரையில் கழிக்க விரும்பும் தொழிலாளியை அது வெளியே நிறுத்துகிறது. ஒன்டாரியோவின் வழி எளிமையானது: அங்கே இரண்டு வகை உரிமம், குறைந்த விலையுள்ளதை வாங்கினால் எடுக்கும் மீனும் குறைவு. பல மண்டலங்களில் ஒன்றுக்கு நான்கு வால்ஐ மீன் என்றால் மற்றதற்கு இரண்டு. நியூ சவுத் வேல்ஸ் கட்டணத்தை நன்னீருக்கும் கடலுக்குமாக இரண்டு அறக்கட்டளைகளில் போடுகிறது. அந்தப் பணத்திலிருந்து ஈடு கொடுத்துத் தொழில்முறை மீனவரை விலக்கி, 30 இடங்களைத் தூண்டில்காரர்களுக்கென்று ஒதுக்கியது. கணக்கில் எல்லாம் சரியாக இருந்தாலும், பொழுதுபோக்கின் பணம் பிழைப்பின் இடத்தை விலைக்கு வாங்கும் இந்த ஏற்பாட்டை மீனவக் குப்பங்களை அறிந்த எவராலும் மனநிறைவோடு பார்க்க முடியாது.

காட் மீன் சரிந்ததால் 1992இல் பல்லாயிரம் பேரின் தொழிலை நிறுத்திய நியூஃபவுண்ட்லாந்தில், இன்றும் குடும்பத்துக்காகக் காட் பிடிக்கும் கோடைப் பருவத்துக்கு உரிமம் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன், படகுக்குப் பதினைந்து என்ற வரம்பு உண்டு. எத்தனை ஆள், எத்தனை படகு என்று சொல்லும் பட்டியல் இல்லை. காட் மீனுக்காக இவ்வளவு இழந்த ஒரு கரை எண்ணாமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாததாகத் தோன்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு திசையில் நகர்ந்துவிட்டது. கடல் பாஸ் மீனுக்கு 2015இலேயே தூண்டில்காரருக்கு நாளுக்கு மூன்று என்ற வரம்பை வைத்த ஒன்றியம், 2023இல் ஏற்ற கட்டுப்பாட்டு விதியின்படி, குறிப்பிட்ட சில கடல்மீன்களைப் பொழுதுபோக்காகப் பிடிப்போர் 2026 ஜனவரி முதல் பெயரைப் பதிந்து, பிடித்ததை மின்னணு வழியில் தெரிவிக்க வேண்டும்.